கருகுவது மீனா, மசாலாவா?

மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் எடை போட்டுக் காசு வாங்கியதும் வெட்டுகிறவர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "குழம்புக்காக்கா, வறுக்கவா?" பதிலுக்குத் தகுந்தபடி கத்தி இறங்கும் இடம் நகரும். குழம்பு என்றால் துண்டு தாட்டியாக விழும். வறுக்க என்றால் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் போகாது. காரணம் கேட்டால், "கனமாப் போட்டா உள்ள வேகாதுக்கா, மேல தீஞ்சிரும்" என்பார்.

இயற்பியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு துண்டின் நடுப்பகுதிவரை வெப்பம் போய்ச் சேர ஆகும் நேரம், அதன் கனத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் துண்டு நடுவில் வேக மூன்று நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சென்டிமீட்டர் துண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். அத்தனை நேரமும் மசாலா காய்ந்த கல்லில் கிடந்தால் என்ன ஆகும் என்பது மீன் வறுக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

வறுத்த மீனின் நிறத்தைப் பற்றி ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டு. செம்பழுப்பில் எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓரமெல்லாம் கறுத்து, கல்லில் ஒட்டிய மசாலாவைக் கரண்டியால் சுரண்டி, அதே கல்லில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்ன வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது, எதுவரை அது ருசி, எங்கிருந்து அது வெறும் கரி என்று தெரிந்துகொண்டு கறுக்கவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கறுப்புக்கென்றே உலகப் புகழ் பெற்ற ஒரு சமையல்காரர் இருந்தார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பால் ப்ருதோம். 1979இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ‘கே-பால்ஸ் லூசியானா கிச்சன்’ என்ற உணவகத்தைத் திறந்தார். அவர் செய்தது இதுதான்: வார்ப்பிரும்புச் சட்டியை வெறுமனே அடுப்பில் வைத்து, அடியில் சாம்பல் பூத்தது போல வெளுக்கும்வரை காயவைப்பார். முள் எடுத்த மீன் துண்டை உருக்கிய வெண்ணெயில் முக்கி, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, காய்ந்த மூலிகை இலைகள் கலந்த மசாலாவைப் புரட்டிச் சட்டியில் போடுவார். புகை கூரையை முட்டும். இரண்டு நிமிடம், திருப்பி இன்னொரு இரண்டு நிமிடம். மேலே கன்னங்கரேலென்று ஓடு. உள்ளே சாறு வற்றாத வெள்ளை மீன். 1984இல் வந்த அவருடைய சமையல் புத்தகம் இதை வீடுகளுக்குக் கொண்டுபோனது. துண்டு முக்கால் அங்குலத்துக்கு மேல் கனக்கக் கூடாது என்று அவரும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கரிமேட்டுக் கத்திக்காரர் சொல்வதும் அதுவேதான்.

அவர் எடுத்துக்கொண்ட மீன் மெக்சிகோ வளைகுடாவின் ‘ரெட்ஃபிஷ்’. அது நமக்கு அந்நியம் இல்லை. நம் கடற்கரையில் பிடிபடும் கத்தாளைகளின் குடும்பம்தான். அமெரிக்காவெங்கும் உணவகங்கள் ‘கறுத்த மீன்’ போட ஆரம்பித்ததும் அந்த மீனைப் பெரும் வலைகள் போட்டு வாரினார்கள். இனமே குறையும் நிலை வந்து, 1980களின் பின்பாதியில் வளைகுடாவின் மத்திய அரசுக் கடல் எல்லைக்குள் வணிகத்துக்காக அதைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. 2007இல் அதிபர் ஜார்ஜ் புஷ் நிர்வாக ஆணை போட்டு அந்தப் பாதுகாப்பை இறுக்கினார். ஒரு வறுவல் பிரபலமானதற்கு ஒரு மீன் கொடுத்த விலை அது.

ப்ருதோம் சட்டியில் உண்மையில் கறுத்தது எது? மீன் அல்ல. வெண்ணெயில் கொழுப்பு போக, கொஞ்சம் தண்ணீரும் ஓரிரு சதவீதம் பால் திடப்பொருளும் இருக்கின்றன. பாலின் புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்த அந்தத் திடப்பொருள், நெய் காய்ச்சும்போது அடியில் கசண்டாகப் பழுத்து நிற்குமே, அதேதான். கடுஞ்சூட்டில் அது சீக்கிரம் கறுக்கும். கூடவே மசாலாப் பொடிகள். மீன் தசை அந்த ஓட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

நம் மசாலாவில் வெண்ணெய் கிடையாது. ஆனாலும் கறுக்கிறது. மதுரைப் பக்கத்து வீடுகளில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், மிளகு, சோம்பு, அரைத்த பூண்டு, அரைத்த சின்ன வெங்காயம், உப்பு என்று போகும் அந்த விழுதில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை. சின்ன வெங்காயத்தில் சர்க்கரை. பூண்டில், சூட்டில் உடைந்து சர்க்கரையாகும் நார்ப்பொருள். வத்தலிலும் சர்க்கரை உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு வத்தலைத் தனியாக வெறும் கல்லில் போட்டுப் பாருங்கள். மீன் இல்லாமலே நொடிகளில் கறுத்துவிடும். வெங்காயம் கூடினால் நிறம் சீக்கிரம் ஏறும், கருகலும் சீக்கிரம் வரும். வெங்காய விழுது சேர்த்த மசாலாவுக்குத் தீ குறைவாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களையும் பழுப்பு நிறமிகளையும் பிறப்பிக்கும் வேதிவினையை 1912இல் முதலில் விவரித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மயார். அவர் பெயராலேயே அது மயார் வினை. தோசையின் முறுகல், பரோட்டாவின் புள்ளிகள், காப்பிக்கொட்டையின் மணம் எல்லாம் இதன் பிள்ளைகள். படிப்படியாக உள்ளே என்ன நடக்கிறது என்ற வரைபடத்தை 1953இல் அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹாட்ஜ் போட்டுக் கொடுத்தார். மிளகாயின் காரத்தை அளக்கும் முறையை வில்பர் ஸ்கோவில் வெளியிட்டதும் அதே 1912தான். மீன் வறுவலின் நிறத்துக்கும் காரத்துக்கும் அறிவியல் ஒரே ஆண்டில் கை வைத்தது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

மயார் வினை சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். இங்கேதான் தண்ணீர் குறுக்கே வந்து நிற்கிறது. மீன் துண்டின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; கல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஈரம் சொட்டச் சொட்டக் கல்லில் போட்ட மீன், முதல் சில நிமிடங்களை இந்தக் கடனை அடைப்பதிலேயே செலவழிக்கிறது. அதற்குள் உள்ளே தசை வெந்து முடிந்துவிடும். நிறம் வரட்டும் என்று மேலும் விட்டால் சக்கையாகும்.

மீன் தசை அவ்வளவு பொறுமை உள்ளதல்ல. ஆட்டுக்கறியில் தசைநார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் இளக நீண்ட நேரம் வேகவேண்டும். மீனில் அந்தக் கட்டு மெல்லியது. ஆட்டுக்கறியைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். தசைப் புரதங்களில் மையோசின் 40 முதல் 50 டிகிரிக்குள் உறைய ஆரம்பிக்கிறது. நடுத்துண்டு 63 டிகிரியை எட்டினால் சாப்பிடப் பாதுகாப்பானது என்பது அமெரிக்க உணவுத்துறைக் கணக்கு. அதைத் தாண்டி அதிகம் போனால் ஆக்டின் என்ற அடுத்த புரதமும் இறுகி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். ஆக, உள்ளே 63. வெளியே 140க்கு மேல். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம்கூட இல்லை. மீன் வறுவலின் மொத்தக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அதனால்தான் வழி இரண்டே. ஒன்று, மேல் ஈரத்தை முன்கூட்டியே போக்குவது. இன்னொன்று, சூட்டை இழக்காத கல்.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். கழுவிய மீனை வடிதட்டில் சாய்த்து வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மசாலா தடவினால் பாதி வேலை முடிந்தது. மசாலா கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கரைத்தால் அது குழம்புக்கு ஆகும். தடவிய துண்டுகளை மூடி போடாத தட்டில் ஃப்ரிட்ஜுக்குள் அரை மணி, முக்கால் மணி வைத்தால் மேல்பரப்பு காய்ந்து மசாலா மீனோடு பிடித்துக்கொள்ளும். மூடி போட்டு வைத்தால் வேர்த்துவிடும். உப்பு தசைப் புரதத்தை லேசாகக் கரைத்து, வேகும்போது சாறு ஒழுகாமல் பிடித்துவைக்கும். அதனால் உப்பை முதலிலேயே போடலாம். எலுமிச்சைச் சாற்றை அப்படிப் போடக் கூடாது. அமிலம் தீயில்லாமலே புரதத்தை உறையவைக்கும். மணிக்கணக்கில் ஊறினால் மீனின் மேல் சதை வெளிறி மாவாகும். கல்லில் போடுவதற்குச் சற்று முன்போ தட்டில் வைத்த பிறகோ பிழிவதே சரி. அரிசி மாவோ சோள மாவோ ஒரு கரண்டி தூவுகிறார்களே, அது மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மொறுமொறுப்பு தருகிறது. நல்லதுதான். அதிகம் போனால் மீன் பஜ்ஜியாகிவிடும்.

கடைகளில் மீன் செக்கச் செவேலென்று இருப்பது மசாலாவின் நிறமா என்ற சந்தேகம் உங்களுக்கும் இருக்கும். கபாப், மீன் வறுவல் ஆகியவற்றில் செயற்கை நிறமி சேர்ப்பதை 2024 ஜூன் மாதம் கர்நாடக அரசு தடை செய்தது. உடம்புக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, நிறப்பொடி போட்டால் பழுப்பு எது, கருகல் எது என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சமைப்பவருக்கு இருக்கும் ஒரே வெப்பமானியைக் கட்டிப்போடுவது போல அது.

அடுத்தது கல். கனத்த இரும்பு தோசைக்கல்லுக்கு மேல் இந்த வேலைக்கு வேறு பாத்திரம் இல்லை. அலுமினியம் வெப்பத்தை இரும்பைவிட வேகமாகக் கடத்தும். ஆனால் ஒரே அளவு பருமனில் இரும்பு தேக்கிவைக்கும் வெப்பம் அதிகம். மெல்லிய அலுமினியச் சட்டியில் நாலு துண்டு ஈர மீனைப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, மீன் தன் தண்ணீரிலேயே வேக ஆரம்பிக்கும். கனத்த இரும்பு அந்த அடியைத் தாங்கும். அப்போதும் கல்லில் நெருக்கிப் போடக் கூடாது. துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடம் இருந்தால்தான் ஆவி வெளியேறும்.

நான்ஸ்டிக் தவாவில் கறுத்த மீன் முயலவே வேண்டாம். 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான், 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி நச்சு வாயுக்களை விடும். வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் முதலில் சாவது அதுதான். வெறும் தவாவை முழுத் தீயில் மறந்து வைத்தால் அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்கள் போதும்.

கல்லைப் பழக்குவது என்று சொல்கிறோமே, அதிலும் வேதியியல் இருக்கிறது. புது இரும்புக் கல்லைச் சோறு வடித்த கஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெட்டிய வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய் என்று பல நாள் செய்வார்கள். சூட்டில் எண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, இரும்பின் நுண்ணிய குழிகளை மூடும் கெட்டியான பாலிமர் படலமாகின்றன. கறுத்து மினுங்கும் அந்தப் படலம்தான் மீன் ஒட்டாமல் காப்பது. வெறும் இரும்பில் மீனின் புரதம் நேரடியாகப் பற்றிக்கொள்ளும். புளி, எலுமிச்சை போன்ற அமிலங்கள் இந்தப் படலத்தைத் தின்னும். பழகிய இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை வைத்து அதைக் கெடுத்தவர்கள் நிறைய. ஒரு நடைமுறை விஷயம்: போட்டதும் மீன் ஒட்டினால் இழுக்காதீர்கள். அடியில் ஓடு காய்ந்து இறுகியதும் அது தானாகவே விடும். விடவில்லை என்றால் இன்னும் திருப்பும் நேரம் வரவில்லை என்று பொருள்.

சூடு எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? தோசை சுடுகிற எல்லோரும் செய்வதைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளியுங்கள். சுர்ரென்று பரவி அங்கேயே வற்றினால் தோசைக்குச் சரி, மீனுக்குப் போதாது. சொட்டு உருண்டையாகித் துள்ளி ஓடினால் கல் ஏறக்குறைய 200 டிகிரியை நெருங்கிவிட்டது. அடியில் உண்டாகும் நீராவியே மெத்தையாகிச் சொட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. 1756இல் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரில் இந்த விளைவு அறியப்படுகிறது. சொட்டு ஓடியதும் கல்லைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தீயைக் கொஞ்சம் தணித்து மீனைப் போடலாம். எண்ணெய் விட்ட பிறகு தண்ணீர் தெளித்துச் சோதிக்கக் கூடாது; கொப்பளித்துக் கையில் தெறிக்கும்.

எந்த எண்ணெய்? செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். செக்கு நல்லெண்ணெயும் இந்த வேலைக்குத் தாங்காது. உடம்புக்கு நல்லது என்று செக்கு எண்ணெயை வாங்கி, அதைப் புகையவிட்டு மீன் வறுப்பதில் ஒரு பயனும் இல்லை. மணத்துக்காகச் செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றால் தீ தணிந்த பிறகு கடைசியில் ஒரு கரண்டி சுற்றிலும் விடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மீனுக்கும் பொருந்தும். மதுரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது கண்மாய் மீன்.

மதுரைக்குக் கடல்மீன் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. கடல்மீன் விலை ஏறும் அதே கோடையில்தான் கண்மாய்கள் வற்றி, மேலூர், சிங்கம்புணரி வட்டாரக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். விடியலிலிருந்து கரையில் காத்திருக்கும் கூட்டம் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு சேற்றில் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, கட்லா, ஜிலேபி. பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை; வீட்டில் சமைத்து உறவுக்குக் கொடுப்பார்கள். அன்று ஊர் முழுக்க மீன் குழம்பும் வறுவலும் மணக்கும். கூடவே சிலர் முகம் சுளிப்பார்கள்: "மண்ணு வாட அடிக்குதே."

அந்த வாடை மண்ணால் வருவதல்ல. முக்கியமாக ஜியோஸ்மின் என்ற மூலக்கூறின் வேலை அது; கூட்டாளியாக இன்னொன்றும் உண்டு. மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்களும், கண்மாய் நீரில் பச்சையாகப் படரும் நீலப்பசும்பாசிகளும் அதை உண்டாக்குகின்றன. முதல் மழையில் தரையிலிருந்து எழுந்து நாம் மூச்சை இழுத்து ரசிக்கிறோமே, அந்த மணத்தில் முக்கியப் பங்கு இதே ஜியோஸ்மினுக்குத்தான். மழையில் வந்தால் கவிதை, மீனில் வந்தால் வசவு. நம் மூக்கு இதற்கு அபாரமாகக் கூர்மையானது. ஒரு லிட்டர் நீரில் பத்து நானோகிராம் அளவே இருந்தாலும் பலரால் கண்டுபிடித்துவிட முடியும். மீன் அதைச் செவுள் வழியாக இழுத்துத் தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. கோடையில் நீர் சுண்டி, சூடேறி, பாசி பெருகும்போது வாடையும் கூடுகிறது. நல்ல தண்ணீரில் சில நாள் உயிரோடு விட்டால் குறையும். அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைக்கிற மதுரைப் பழக்கம் குடலைச் சுத்தமாக்கும். கொழுப்பில் ஏறிய ஜியோஸ்மினை அந்தக் கொஞ்ச நேரத்தில் இறக்க முடியாது.

அதை இறக்க வேறு வழி இருக்கிறது. நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதுதான். அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்து மணமில்லாத பொருளாக மாறுகிறது. கண்மாய் மீனைப் புளித்தண்ணீரிலோ புளித்த மோரிலோ கல் உப்புப் போட்டுப் பிசறிச் சிறிது நேரம் வைத்து அலசும் வழக்கத்துக்கு வேதியியல் ஆதரவு உண்டு. வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை முழுக்கச் சுரண்டுங்கள். வாடை மிக அதிகம் என்றால் வயிற்றுப்பக்கக் கொழுப்பையும் தோலையும் நீக்குங்கள். கடல்மீனின் கவிச்சி வேறு கதை. கடல்மீன் உடலில் உப்புச் சமநிலைக்காக இருக்கும் ஒரு பொருள், மீன் செத்த பிறகு பாக்டீரியாவால் டிரைமீதைலமீனாக உடைகிறது. அது காரத்தன்மை கொண்டது. எலுமிச்சையோ புளியோ பட்டால் ஆவியாகாத உப்பாகி அடங்கிவிடும். இரண்டு வாடைக்கும் மருந்து புளிப்புதான். நோய் மட்டும் வேறு.

ஜிலேபி கெண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கண்மாயெல்லாம் அதன் ராஜ்ஜியம் என்றாலும் அது நம்மூர் மீன் அல்ல. ஆப்பிரிக்கப் பூர்வீகம். 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து பரவியது. நாட்டு மீன்களை அது ஒதுக்கிவிட்டது என்ற குறை நியாயமானதே. ஆனால் கல்லில் கறுக்கவைக்க அதைப் போல வாகான மீன் மலிவில் கிடையாது. சதை வெள்ளை, முள் குறைவு, துண்டு தட்டை. வஞ்சிரத்துக்குக் கொட்டும் காசில் மூன்று வேளை தின்னலாம்.

இனிப் புகை. மிளகாய் கல்லில் பட்டதும் வீடே இருமுகிறதே, அந்த நெடி வெறும் புகை அல்ல. காரப்பொருளான கேப்சைசின் நுண்துளிகளாகக் காற்றில் ஏறி மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஓர் உணர்வியைத் தட்டுகிறது. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் நரம்பு ஒரே மாதிரி உணர்வது அந்த உணர்வியால்தான் என்று 1997இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். 2021இல் நோபல் பரிசு பெற்றார். நெடியால் இருமல் வரும், போகும். எண்ணெய்ப் புகை அப்படி அல்ல. எண்ணெய் புகையும் சூட்டில் கொழுப்பின் கிளிசரின் பகுதி அக்ரோலீன் என்ற கண்ணெரிக்கும் பொருளாக மாறுகிறது. அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. அது சாப்பிடுகிறவரை அல்ல, அடுப்படியில் நிற்கிறவரைக் குறித்த எச்சரிக்கை. நம் வீடுகளில் அங்கே நிற்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கருகிய மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் தகாஷி சுகிமுராவும் அவருடைய குழுவும், சுட்ட மீனின் புகையிலும் கருகிய மேல்பகுதியிலும் மரபணுவைச் சிதைக்கும் பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். சுட்ட மத்தியிலிருந்து பிரித்தெடுத்த ‘ஐக்யூ’ என்ற பொருளும் இன்று அதே 2ஏ பிரிவில் இருக்கிறது. தசைப் புரதமே கடுஞ்சூட்டில் கரியும்போது உண்டாகும் பொருள்கள் இவை. மீனின் சதை கரிந்தால் ஆபத்து. சதைக்கு மேல் மசாலா ஓடு நின்று, தசை சூட்டை நேரடியாகப் பார்க்காமல், நேரம் குறைவாக இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. பூண்டு, எலுமிச்சை, மசாலாப் பொருள்களில் ஊறவைப்பது இந்தப் பொருள்கள் உருவாவதைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மாதத்தில் நாலு ஞாயிறு தின்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. தினமும் கரிந்ததையே தேடித் தின்பவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஓரத்தில் தொட்டால் பொடியாக உதிர்ந்து கசக்கிற பகுதி மசாலா அல்ல, கரி. அதைத் தட்டில் ஒதுக்குவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ப்ருதோம் போல வெறும் கல்லை வெளுக்கவைத்து வீட்டுக்குள் செய்ய வேண்டாம். அவர் முறை பெரிய புகைபோக்கி உள்ள உணவகச் சமையலறைக்கு. வீட்டுக்கு இப்படிச் செய்யுங்கள்: மசாலாவில் வெங்காய விழுதைப் பாதியாகக் குறைத்து, மிளகைக் கூட்டுங்கள். பொடித்த கறிவேப்பிலையும் ஒரு கரண்டி அரிசி மாவும் சேருங்கள். நிறம் தானாக ஆழமாகும், சூடு குறைவாகவே போதும். துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சொட்டு உருண்டு ஓடும் சூட்டில் தொடங்கி, மீனைப் போட்டதும் தீயை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டரை நிமிடம் தொடாதீர்கள். ஒரே ஒரு முறை திருப்பி, இன்னொரு இரண்டு நிமிடம். நடுமுள் ஓரத்தில் சதை கண்ணாடி போலத் தெரிவது நின்று பால்வெள்ளையானால் வெந்துவிட்டது. கல்லிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஒரு கணம் முன்னதாக எடுப்பதே நல்லது. அடுத்த ஈடு போடுவதற்கு முன் கல்லில் உதிர்ந்த மசாலாவைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முதல் ஈட்டுக்கு ருசி தந்த அதே மசாலா இரண்டாம் ஈட்டில் கசப்பாகும்.

ஒரு முறை புகைந்த எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுத்துவைக்காதீர்கள். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைக் கண்டுபிடிக்கும் கருவி வீட்டில் கிடையாது. கல் காயத் தொடங்குவதற்கு முன்பே அடுப்படி ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஃபேன் இல்லாத வீடு என்றால், கல்லையும் அடுப்பையும் கொல்லைப்புறத்துக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துக்கொண்டு போய் வறுங்கள்.